குப்பைமேடு மூடிய பிறகு: யெல்லோஸ்டோன் கிரிஸ்லி கரடிகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் கரடிகளுக்குத் திறந்துகிடந்த கடைசிப் பெரிய குப்பைமேடு டிரவுட் கிரீக் என்ற இடத்தில் இருந்தது. 1970-ல் அதை மூடினார்கள். அதுவரை கோடை மாலைகளில் விடுதி மிச்சங்களைக் கொட்ட லாரி வந்ததும் டஜன் கணக்கில் கிரிஸ்லி கரடிகள் அங்கே கூடும். பல தலைமுறைகளாகத் தாய் குட்டிக்குக் காட்டி, குட்டி வளர்ந்து தன் குட்டிக்குக் காட்டி வந்த இரைக்களம் அது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அந்த இரை முழுவதும் நின்றுபோனது.

மூடியது சரியா என்ற கேள்விக்கு இன்று பதில் இருக்கிறது: சரிதான். ஆனால் மூடிய வேகம் சரியா, அந்த வேகத்தைக் கேள்வி கேட்டவர்களை நடத்திய விதம் சரியா என்பவை வேறு கேள்விகள். காட்டு விலங்கு மேலாண்மையில் அதிகம் படிக்கப்பட்ட நிகழ்வுகளில் இது ஒன்று. என் கணிப்பில், அதிகம் தவறாகப் படிக்கப்பட்டதும் இதுவே. "இயற்கையிடம் விட்டார்கள், கரடி பிழைத்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நடந்தது அவ்வளவு எளிதாக இல்லை.

காட்சிப்பொருளாக இருந்த கரடி

யெல்லோஸ்டோன் 1872-ல் தேசியப் பூங்காவானது. பரப்பு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விடுதிகள் வந்தன. விடுதி வந்தால் எச்சில் இலை விழத்தானே செய்யும். பின்கட்டில் கொட்டிய மிச்சத்துக்குக் கரடிகள் வந்தன, கரடிகளைப் பார்க்கப் பயணிகள் வந்தார்கள். நிர்வாகம் இதைத் தொல்லையாகப் பார்க்கவில்லை, வரும்படியாகப் பார்த்தது. 1931-ல் ஓட்டர் கிரீக் என்ற இடத்தில் படிக்கட்டு இருக்கைகளோடு ஓர் அரங்கமே கட்டினார்கள். ஒரு பக்கம் கரடிகள் தின்னும், மறு பக்கம் கூட்டம் உட்கார்ந்து பார்க்கும், ரேஞ்சர் ஒருவர் விளக்கவுரை சொல்வார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தக் காட்சிகள் நின்றன. குப்பைமேடுகள் மட்டும் ஆள் கண்ணில் படாமல் தொடர்ந்தன.

பூங்காவில் இரண்டு வகைக் கரடிகள் உண்டு. கருங்கரடி மரம் ஏறும், அளவில் சிறியது, மனிதரிடம் சீக்கிரம் பழகிவிடும். சாலையோரம் நின்று காருக்குள் தலையை விட்டுப் பிச்சை கேட்டவை பெரும்பாலும் கருங்கரடிகளே. கிரிஸ்லி என்பது பழுப்புக் கரடியின் வட அமெரிக்க உள்நாட்டு வகை. தோளில் திமில் போன்ற தசைத் திரட்சி, மண்ணைத் தோண்ட நீண்ட நகங்கள். பெண் 90 முதல் 180 கிலோ வரை இருக்கும், ஆண் 300 கிலோவையும் தாண்டும். இந்த ஆய்வு கிரிஸ்லியைப் பற்றியது.

1931-க்கும் 1969-க்கும் இடையில் பூங்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கார், கூடாரச் சேதங்கள் வேறு. பெரும்பாலும் சிறு காயங்கள்தான், அதிலும் பெரும்பகுதி கருங்கரடிகளால். ஊட்டிவிடப் போன கை கடிபட்டது போன்ற கதைகள். கரடிகள் தரப்பிலும் இழப்பு உண்டு: 1960-களில் ஆண்டுக்குச் சராசரியாக 33 கருங்கரடிகளும் 4 கிரிஸ்லிகளும் கொல்லப்பட்டன அல்லது பூங்காவை விட்டு அகற்றப்பட்டன.

நிலைமையை மாற்றியது யெல்லோஸ்டோனில் நடந்த ஒன்றல்ல. 1967 ஆகஸ்டில் மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில், ஒரே இரவில், வெவ்வேறு இடங்களில், இரண்டு இளம்பெண்களை இரண்டு கிரிஸ்லிகள் கொன்றன. இரண்டு கரடிகளுமே மனிதர் விட்ட மிச்சத்துக்குப் பழகியவை. ஒரு மலை விடுதியில் பயணிகள் பார்ப்பதற்காகவே இரவில் மிச்சம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் 1963-ல், உயிரியலாளர் ஸ்டார்கர் லியோபோல்ட் தலைமையிலான குழு, தேசியப் பூங்காக்கள் இயன்றவரை இயற்கை நிலையில் இருக்க வேண்டும் என்று அறிக்கை தந்திருந்தது. கொள்கை ஏற்கெனவே கையில் இருந்தது, அவசரம் 1967-ல் வந்து சேர்ந்தது.

கரடியின் ஆண்டு

மூடலின் விளைவு புரிய வேண்டுமானால் கிரிஸ்லி எப்படிப் பிழைக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

அது ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதம் குகைக்குள் கிடக்கும். உண்ணாது, நீர் குடிக்காது, சிறுநீர் மலம் கழிக்காது. நம் ஊர்க் கரடிக்கு இப்படி ஓர் உறக்கம் கிடையாது. அது ஆண்டு முழுக்கக் கரையானும் ஈச்சம்பழமும் தேடித் திரியும். கிரிஸ்லியோ மீதி ஏழு மாதத்தில் பன்னிரண்டு மாதத்துக்கான உடம்பைச் சேர்த்தாக வேண்டும். கோடை இறுதியிலிருந்து ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை தின்றுகொண்டே இருக்கும், நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடும்.

இந்தக் கணக்கு இனப்பெருக்கத்தோடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கிறது. இணைசேர்வது மே முதல் ஜூலைக்குள். ஆனால் கருவுற்ற முட்டை உடனே வளராது, மாதக்கணக்கில் கருப்பையில் மிதந்தபடி காத்திருக்கும். குளிர்காலத் தொடக்கத்தில் தாயிடம் போதிய கொழுப்பு இருந்தால்தான் அது பதிந்து வளரும். ஜனவரி, பிப்ரவரியில் குகைக்குள்ளேயே அரைக் கிலோகூட இல்லாத குட்டிகள் பிறக்கும். எதுவும் தின்னாமல் கிடக்கும் தாய் அவற்றுக்குப் பால் கொடுக்கும். குட்டிகள் இரண்டு மூன்று ஆண்டுகள் தாயோடு இருக்கும். அந்தக் காலம் முழுவதும் தாய் அடுத்த ஈற்றுக்குப் போகாது. முதல் ஈற்றே ஐந்து ஆறு வயதில்தான். அப்புறம் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, சராசரியாக இரண்டு குட்டி. பாலூட்டிகளில் மிக மெதுவாகப் பெருகுபவற்றில் இதுவும் ஒன்று. ஆகவே ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கு நாலைந்து தாய்க்கரடிகள் கூடுதலாகச் செத்தால்கூட மொத்தக் கணக்கே தலைகீழாகிவிடும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சட்டங்கள், வழக்குகள் எல்லாமே புரியும்.

தீனி விஷயத்தில் கிரிஸ்லி பட்டியலே போட முடியாத விலங்கு. அப்படியும் போட்டுப் பார்த்தார்கள்: 2014-ல் வெளியான தொகுப்பின்படி யெல்லோஸ்டோன் வட்டாரக் கரடிகள் தின்றதாகப் பதிவானவை 266 இனங்கள். புல், கிழங்கு, காளான், எறும்பு, எல்க் மான் குட்டி, குளிரில் செத்த பைசன் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் உடம்பில் கொழுப்பேற்றுபவை சில மட்டுமே. பனி உருகும்போது கிடைக்கும் பெரிய விலங்குகளின் சடலங்களும் அடுத்துப் பிறக்கும் மான்குட்டிகளும், ஓடைகளில் முட்டையிட ஏறிவரும் கட்த்ரோட் டிரவுட் மீன், உயர்மலைப் பாறைச் சரிவுகளில் அந்துப்பூச்சி, இலையுதிர்காலத்தில் வெண்பட்டை பைன் மரத்தின் விதை.

அந்துப்பூச்சிக் கதை விசித்திரமானது. அமெரிக்கச் சமவெளி உழவர்கள் சபிக்கிற ஒரு வெட்டுப்புழுவின் வளர்ந்த உருவம் அது. கோடையில் சமவெளியை விட்டு மலையேறி, இரவில் மலைப்பூக்களில் தேன் குடித்துவிட்டு, பகலில் பாறை இடுக்குகளில் ஒளிந்துகொள்ளும். உடம்பில் பாதிக்கு மேல் கொழுப்பு. கரடிகள் பாறைகளைப் புரட்டி நக்கித் தின்னும். ஒரு கரடி ஒரு நாளில் 40,000 பூச்சி வரை தின்ன முடியும் என்று கணித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 20,000 கிலோகலோரி. மனிதர் அதிகம் ஏறாத உயரத்தில் கிடைப்பதால் இந்தத் தீனிக்கு இன்னொரு மதிப்பும் உண்டு: அதைத் தின்னும் கரடி யாரோடும் மோதுவதில்லை.

பைன் விதையைக் கரடி தானே பறிப்பதில்லை. சிவப்பு அணில்கள் கூம்புகளை வெட்டிப் போட்டுக் குவியலாகப் புதைத்து வைக்கும், கரடி அந்தக் குவியலைக் கொள்ளையடிக்கும். மரம் சில ஆண்டுகள் நன்றாகக் காய்க்கும், சில ஆண்டுகள் ஏமாற்றும். ஏமாற்றிய ஆண்டுகளில் கரடிகள் தாழ்வான பகுதிகளுக்கு, அதாவது மனிதர் இருக்கும் பக்கம் இறங்கும். அந்த ஆண்டுகளில் கரடி இறப்பும் இரண்டு மூன்று மடங்காக உயர்ந்ததை 1980-களின் பதிவுகள் காட்டின.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் குப்பைமேடு என்பது கரடிக் கணக்கில் என்ன? எந்த ஆண்டும் ஏமாற்றாத ஒரு பைன் தோப்பு. அதில் தின்ற பெண்கரடிகள் சீக்கிரம் ஈன்றன, கூடுதல் குட்டி போட்டன. மூடிய பிறகு முதல் ஈற்றின் வயது தள்ளிப்போனது, ஈற்றுக்குக் குட்டி எண்ணிக்கையும் குறைந்தது.

இரட்டையர் சொன்னதும் பூங்கா செய்ததும்

ஜான் கிரெய்க்ஹெட், பிராங்க் கிரெய்க்ஹெட் இருவரும் இரட்டைச் சகோதரர்கள். 1959-ல் யெல்லோஸ்டோன் கிரிஸ்லிகளை ஆராயத் தொடங்கினார்கள். மயக்க ஊசி போட்டுப் பிடித்து, காதில் வண்ண அடையாளம் மாட்டி, ஒவ்வொரு கரடியையும் தனியாக அடையாளம் கண்டார்கள். 1961-ல் 40-ஆம் எண் கொண்ட பெண்கரடிக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டினார்கள். கிரிஸ்லி ஒன்றை வானொலி அலையில் பின்தொடர்ந்தது அதுவே முதல் முறை. இன்று உலகெங்கும் புலிக்கும் யானைக்கும் மாட்டும் பட்டைகளின் முன்னோடிகளில் அது ஒன்று.

அவர்கள் கண்ட ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கரடிகள் குகையை முன்கூட்டியே, பெரும்பாலும் வடக்குப் பார்த்த சரிவில், மரவேருக்கு அடியில் தோண்டி வைத்துவிடுகின்றன. ஆனால் உள்ளே போவது பெரும் பனிப்புயல் அடிக்கும்போது. காலடித் தடம் மூடிவிடும். கழுத்துப்பட்டை இல்லாமல் இதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

குப்பைமேடு விஷயத்தில் அவர்கள் நிலை தெளிவானது. மூடலாம், ஆனால் ஆண்டுக்கணக்கில் படிப்படியாக மூட வேண்டும். அதுவரை எல்க் சடலங்களை ஒதுக்குப்புறமான இடங்களில் போட்டு, கரடிகளை முகாம்கள் பக்கம் போகாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். திடீரென்று மூடினால் அவை தீனி தேடி நேராகக் கூடாரங்களுக்கும் பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும்தான் வரும் என்றார்கள்.

பூங்காவின் கண்காணிப்பாளர் ஜாக் ஆண்டர்சனும் உயிரியலாளர் கிளென் கோலும் வேறு மாதிரி நினைத்தார்கள். படிப்படியாக மூடினால் இன்னும் ஒரு தலைமுறைக் குட்டிகள் குப்பைக்குப் பழகும், பிரச்சினை நீளும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. இன்னொரு வாதமும் வைத்தார்கள்: குப்பைக்கு வரும் கரடிகள் வேறு, வரவே வராத காட்டுக் கரடிகள் வேறு, முன்னவற்றில் சில செத்தாலும் பின்னவை இருக்கின்றன. இதற்குத்தான் போதிய ஆதாரம் இல்லை. கிரெய்க்ஹெட் குழுவின் அடையாளப் பதிவுகள், வட்டாரத்தின் கரடிகள் எல்லாம் ஒரே கூட்டம் என்றும், ஏதோ ஒரு பருவத்தில் பெரும்பாலானவை மேட்டுக்கு வந்துபோகின்றன என்றும் காட்டின.

ராபிட் கிரீக் குப்பைமேடு முதலில் மூடப்பட்டது, 1970-ல் டிரவுட் கிரீக். பூங்காவுக்கு வெளியே வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரின் குப்பைக்கிடங்கும் அதே காலத்தில் கரடிகளுக்கு அடைபட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மட்டும் பல டஜன் கிரிஸ்லிகள் செத்தன. சில முகாம்களில் சுடப்பட்டன, சில பூங்காவுக்கு வெளியே. 1975-க்கு முன் வெளியே வேட்டைக்கும் அனுமதி இருந்தது. மயக்கி ஹெலிகாப்டரில் தூக்கித் தொலைவில் விட்டவை பல திரும்பி வந்துவிட்டன. கரடிக்கு வழி மறப்பதில்லை.

1972 ஜூனில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றுக்கு அருகே அனுமதி இல்லாத இடத்தில் கூடாரமிட்டு, உணவை வெளியே வைத்திருந்த ஓர் இளைஞரைக் கிரிஸ்லி கொன்றது. குடும்பம் அரசின் மீது வழக்குத் தொடர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் பிராங்க் கிரெய்க்ஹெட் ஒரு பக்கமும் லியோபோல்ட் மறுபக்கமும் சாட்சி சொன்னார்கள். 1975-ல் தீர்ப்பு குடும்பத்துக்குச் சாதகம், மேல்முறையீட்டில் அது ரத்து. மேலாண்மைக் கொள்கை ஒன்று சாட்சிக் கூண்டில் ஏறி நின்றது அப்போதுதான்.

சகோதரர்களின் ஆய்வு 1971-லேயே முடிந்துபோனது. எதை வெளியிடுவதானாலும் முன் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று பூங்கா நிபந்தனை போட்டது, அவர்கள் ஏற்கவில்லை. பார்வையாளர் கண்ணுக்கு உறுத்துகிறது என்று கரடிகளின் வண்ண அடையாளங்களைக் கழற்றவும் உத்தரவானது. இதன் பொருள் என்ன? ஓர் இனத்தின் மீது மிகப் பெரிய சோதனையைச் செய்துவிட்டு, அதன் விளைவை அளக்கும் கருவியையும் அதே நேரத்தில் கழற்றிவிட்டார்கள். குப்பைமேடுதான் கரடிகளை எண்ணும் இடமாகவும் இருந்தது, அதுவும் இல்லை. எனக்கு மூடல் முடிவின் மீது குறையில்லை. இந்தக் குருட்டுத்தனம்தான் மன்னிக்க முடியாதது.

1974-ல் தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழு, கனடிய விலங்கியலாளர் இயன் மக்டாகர்ட்-கோவன் தலைமையில், இரு கூட்டக் கருத்துக்கு ஆதாரம் இல்லை என்றது. கரடி அகற்றலைக் கட்டுப்படுத்தவும் சொன்னது. 1973-ல் பல துறைகள் சேர்ந்த கிரிஸ்லி ஆய்வுக் குழு உருவாகியிருந்தது. 1975-ல் மீண்டும் கழுத்துப்பட்டைகள் வந்தன. அதே ஆண்டு ஜூலையில், அலாஸ்கா நீங்கலான அமெரிக்க மாநிலங்களில் கிரிஸ்லி, அருகிவரும் உயிரினச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தது. யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் அப்போது இருந்ததாகச் சொல்லப்படும் எண் 136.

மீட்சி எப்படி வந்தது

பொதுவாக எல்லோரும் சட்டத்தைச் சொல்வார்கள். சட்டம் வேட்டையை நிறுத்தியது, உண்மை. ஆனால் அன்றாட வேலை குப்பைத்தொட்டியில் நடந்தது. கரடியால் திறக்க முடியாத தாழ்ப்பாள் கொண்ட இரும்புத் தொட்டிகள் பூங்கா முழுக்க வந்தன. முகாமில் உணவைப் பெட்டியில் பூட்டுவது, நடைமுகாமில் உயரக் கம்பத்தில் தொங்கவிடுவது கட்டாயமானது. மீறினால் அபராதம். வெஸ்ட் யெல்லோஸ்டோனில் உள்ள கரடி, ஓநாய் காப்பு மையம் ஒன்று இன்று புதிய தொட்டிகளைக் கரடிகளிடமே கொடுத்துச் சோதிக்கிறது. கரடி ஒரு மணி நேரம் மோதியும் புரட்டியும் கடித்தும் திறக்காவிட்டால்தான் தேர்ச்சி. காட்டில் வாழ முடியாமல் பிடிபட்ட கரடிகள் தொட்டித் தேர்வாளர்களாக வேலை செய்கின்றன. இதைவிடக் கறாரான தரக்கட்டுப்பாட்டை நான் பார்த்ததில்லை.

1983 முதல் பூங்காவின் சில பகுதிகள் பருவத்துக்கேற்ப மனிதருக்கு மூடப்பட்டன. வசந்தத்தில் சடலங்கள் கிடக்கும் வெந்நீர் ஊற்றுச் சமவெளிகள், பெலிகன் பள்ளத்தாக்கு போன்றவை. பூங்காவைச் சுற்றியுள்ள தேசிய வனங்களில் ஆட்டுமந்தை மேய்ச்சல் உரிமைகள் மெல்ல மெல்ல விலக்கிக்கொள்ளப்பட்டன. ஆடு இருக்கும் இடத்தில் கரடி பிழைப்பது அரிது. ஆட்டைக் கொன்ற கரடியை யாராவது கொல்வார்கள்.

விளைவுகளை எண்ணில் சொன்னால்: 1960-களில் ஆண்டுக்கு 45 ஆக இருந்த மனிதக் காயங்கள் 1970-களில் 4 ஆனது. இத்தனைக்கும் 1970-ல் 23 லட்சமாக இருந்த பார்வையாளர் எண்ணிக்கை 2021-ல் 48 லட்சத்தைத் தாண்டியது. 2000-களில் ஐந்து ஆண்டுக்கு ஒரு கிரிஸ்லி என்ற அளவுக்கு அகற்றல் குறைந்தது. கரடிக் கூட்டம் 1983 முதல் 2001 வரை ஆண்டுக்கு 4 முதல் 7 சதவீதம் வளர்ந்தது. இப்போது வட்டாரம் முழுக்க ஏறத்தாழ ஆயிரம் கரடிகள் என்று மதிப்பிடுகிறார்கள். மூடிய முதல் பத்தாண்டில் செத்த கரடிகளை வைத்துப் பார்த்தால் கிரெய்க்ஹெட் சொன்னது சரி. ஐம்பது ஆண்டு தள்ளி நின்று பார்த்தால் பூங்கா சொன்னது சரி. 1975-ல் சட்டம் குறுக்கே வராமல் இருந்திருந்தால் இரண்டாவது வாக்கியத்தை எழுதும் வாய்ப்பு வந்திருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

தீனி மறுபடி மாறியது

1994-ல் யெல்லோஸ்டோன் ஏரியில் லேக் டிரவுட் என்ற அயல் மீன் பிடிபட்டது. யாரோ கள்ளத்தனமாக விட்டது. அது உள்ளூர்க் கட்த்ரோட்டைத் தின்று தீர்த்தது. கிளியர் கிரீக் என்ற ஓடையில் 1978-ல் எழுபதாயிரம் கட்த்ரோட் முட்டையிட ஏறின, 2007-ல் ஏறியவை சில நூறு. புதிய மீன் அதற்கு ஈடாகாதா? ஆகாது. அது ஆழத்தில் வாழ்ந்து ஏரிக்குள்ளேயே முட்டையிடும், ஓடைக்கு வராது, கரடி கைக்கு எட்டாது. இப்போது அதை அழிக்கப் படகுகளில் வலை போட்டுப் பல ஆண்டுகளாக மீன் பிடிக்கிறார்கள்.

பைன் கதை இன்னும் மோசம். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு துரு நோய் ஏற்கெனவே மரங்களை வாட்டியது. 2000-களில் குளிர் குறைந்ததால் மலைப் பைன் வண்டு உயரமான தோப்புகளுக்கும் ஏறி, பெரிய மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2022 டிசம்பரில் வெண்பட்டை பைன் மரமே அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது.

கரடிகள் என்ன செய்தன? இறைச்சிக்கு மாறின. 1995-ல் மீண்டும் கொண்டுவரப்பட்ட ஓநாய்கள் கொன்ற எல்க்கை மிரட்டிப் பறித்தன, மான்குட்டிகளை அதிகம் தின்றன. 2013-ல் ஆய்வுக் குழு தந்த தொகுப்பறிக்கை, கரடிகளின் உடல் கொழுப்பு குறையவில்லை என்றது. கூட்டத்தின் வளர்ச்சி 2002-க்குப் பிறகு மெதுவானதற்கு பைன் அழிவைவிடக் கரடி நெரிசலே காரணம் என்றும் சொன்னது. பெரும்பாலும் இதை ஏற்கலாம். ஆனால் இறைச்சி கிடைக்கும் இடம் முக்கியம். இலையுதிர்காலத்தில் பூங்காவுக்கு வெளியே எல்க் வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடலும் சடலமும், மேய்ச்சல் நிலங்களில் கன்றுக்குட்டியும் அந்த இறைச்சியில் சேர்த்தி. கரடி இறப்புகளில் பெரும்பகுதி இன்று அங்கேதான் நடக்கிறது. தற்காப்புக்காகச் சுட்டேன் என்ற வேட்டைக்காரர், கன்று தின்றதால் அகற்றப்பட்ட கரடி, அப்புறம் சாலை விபத்து. மிளகாய்க் காரம் கொண்ட ஸ்பிரே கையில் வைத்திருப்பவருக்கும் கரடிக்கும் உயிர் மிஞ்சும் வாய்ப்பு கூடுதல். ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவர் கை முதலில் அதற்குப் போவதில்லை.

பழகிய கரடியும் கெட்ட கரடியும்

மனிதரைக் கண்டு ஓடாத கரடியும், மனிதத் தீனிக்குப் பழகிய கரடியும் ஒன்றல்ல. இதைப் பூங்கா தாமதமாகத்தான் கற்றது. 1980-கள் வரை சாலையோரம் மேயும் கரடியை விரட்டினார்கள், திரும்பத் திரும்ப வந்தால் அகற்றினார்கள். 1990 வாக்கில் கொள்கை மாறியது: கரடி சாலையோரப் புல்லையும் கிழங்கையும் தின்னட்டும், நாம் கார்களை ஒழுங்குபடுத்துவோம். பெரிய ஆண்கரடிகள் சாலையைத் தவிர்ப்பதால், குட்டியோடு உள்ள தாய்க்குச் சாலையோரம் ஒரு வகையில் பாதுகாப்பான இடம். குறைந்தது 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ரேஞ்சர்களின் கோடைக்காலத்தில் பாதி அந்தப் போக்குவரத்து நெரிசலிலேயே போகிறது.

பக்கத்து கிராண்ட் டீட்டன் பூங்காவின் 399 என்ற பெண்கரடி இந்தக் கொள்கைக்கு முகமாகிப் போனது. 1996-ல் பிறந்தது, சாலையோரத்திலேயே ஈற்றுக்கு ஈற்று குட்டி வளர்த்தது, 2020-ல் நான்கு குட்டிகளோடு வெளியே வந்தது. அந்த நான்கில் ஒன்று தாயைப் பிரிந்த பிறகு ஊர்ப் பக்கம் தீனிக்குப் பழகி 2022-ல் கொல்லப்பட்டது. 399 தன் 28-ஆம் வயதில், 2024 அக்டோபரில், கார் மோதிச் செத்தது.

கடினமான நிகழ்வு 2011-ல் வந்தது. ஜூலையில், வாபிட்டி ஏரிப் பாதையில் இரண்டு குட்டிகளோடு இருந்த பெண்கரடி, எதிர்பாராமல் எதிரே வந்த தம்பதியில் கணவரைக் கொன்றது. பூங்காவுக்குள் 1986-க்குப் பிறகு அதுவே முதல் மரணம். விசாரித்தவர்கள் தாய்மைத் தற்காப்பு என்று முடிவு செய்து கரடியை விட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் வேறொரு பாதையில் இன்னொருவர் இறந்துகிடந்தார். அந்த இடத்தில் பல கரடிகளின் தடயம் இருந்தது, மரபணுச் சோதனையில் அதே தாய்க்கரடியும் அங்கே வந்தது உறுதியானது. கொன்றது அதுதானா என்று சொல்ல முடியவில்லை. அதைப் பிடித்துக் கொன்றார்கள், குட்டிகள் வெஸ்ட் யெல்லோஸ்டோன் மையத்துக்குப் போயின. முதல் முடிவு தவறு என்று பலர் எழுதினார்கள். அன்று கையில் இருந்த தகவலின்படி அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். குட்டியைக் காக்கத் தாக்கிய ஒவ்வொரு தாயையும் கொன்றால் மீட்சிக்கு ஆதாரமான தாய்க்கரடிகளையே இழப்போம். 1872 முதல் பூங்காவுக்குள் கரடிகளால் இறந்தவர்கள் எட்டுப் பேர். வெந்நீர் ஊற்றில் விழுந்து இறந்தவர்கள் இருபதுக்கும் மேல்.

நீதிமன்றத்தில் நிற்கும் கேள்வி

2007-ல் மத்திய அரசு யெல்லோஸ்டோன் கிரிஸ்லியைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2009-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பைன் அழிவின் விளைவை அரசு சரியாக ஆராயவில்லை என்பது முக்கியக் காரணம், 2011-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. 2017-ல் மறுபடி நீக்கினார்கள். வயோமிங் மாநிலம் 22 கரடிகள் வரை சுட அனுமதிக்கும் வேட்டைப் பருவத்தை அறிவித்தது. குரோ பழங்குடியினர் முன்னின்று தொடுத்த வழக்கில், 2018 செப்டம்பரில், வேட்டை தொடங்கும் முன்பே நீதிமன்றம் பாதுகாப்பைத் திருப்பித் தந்தது. 2020-ல் அதுவும் மேல்முறையீட்டில் உறுதியானது.

மாநிலங்களின் ஆத்திரத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. குறித்த இலக்கு எட்டப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, ஒவ்வொரு முறையும் கோல்கம்பம் நகர்கிறது என்கிறார்கள். கன்று இழந்தவருக்கு வயோமிங் இழப்பீடு தருகிறது. கண்டுபிடிக்கப்படாமல் போகும் சடலங்களையும் கணக்கில் எடுத்து, உறுதியான ஓர் இழப்புக்குப் பல மடங்காகக்கூடத் தருகிறது. அந்தப் பணம் வேட்டைத் துறையிலிருந்து போகிறது. மறுதரப்பு சொல்வது மரபணுவைப் பற்றி. யெல்லோஸ்டோன் கூட்டம் வடக்கே உள்ள கூட்டத்திலிருந்து நூறாண்டாகத் துண்டிக்கப்பட்டுக் கிடக்கிறது. இரண்டின் எல்லைகளும் வளர்ந்து இடைவெளி இப்போது 60 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனாலும் அங்கிருந்து ஒரு கரடிகூட தானாக வந்து இங்கே ஈன்றதாக உறுதியாகவில்லை. நடுவே நெடுஞ்சாலைகளும் பண்ணைகளும் இருக்கின்றன.

2024 ஜூலை இறுதியில் மொன்டானாவும் வயோமிங்கும் சேர்ந்து வடக்கிலிருந்து ஓர் இளம் ஆணையும் ஓர் இளம் பெண்ணையும் பிடித்து யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் கொண்டுவந்து விட்டன. மரபணுப் பிரச்சினைக்கு லாரியே போதும் என்று காட்டும் முயற்சி. 2025 ஜனவரியில் மத்திய வனவிலங்குத் துறை, பாதுகாப்பை நீக்கக் கோரிய மாநிலங்களின் மனுக்களை ஏற்கவில்லை. இந்தக் கூட்டங்களைத் தனித்தனியாக அல்ல, ஒன்றோடொன்று தொடர்புடைய ஒரே கூட்டமாகவே பார்க்க வேண்டும் என்று முன்மொழிந்தது. அப்படிப் பார்த்தால் பேச்சு பூங்காவை விட்டு நடுவில் உள்ள தனியார் பள்ளத்தாக்குகளுக்கு நகர்கிறது. அங்கே கோழிக்கூட்டைச் சுற்றி மின்வேலி போடுவதும், செத்த மாட்டை வயலில் விடாமல் வண்டி அனுப்பி அகற்றுவதும், குப்பைத்தொட்டிக்குத் தாழ்ப்பாள் வைப்பதும் ஒவ்வொரு பண்ணைக்காரரிடமும் தனித்தனியாகப் பேசி முடிக்க வேண்டிய வேலைகள்.